பிளாட்டியை ஜோடிக் கணக்கில் வாங்காதீர்கள்: சேலத்திலும் ஏற்காட்டிலும் வளர்ப்பும் குஞ்சு எடுப்பும்

"அண்ணா, ரெண்டு ஜோடி பிளாட்டி குடுங்க" என்றுதான் மீன் கடையில் எல்லாரும் கேட்கிறார்கள். கடைக்காரரும் ஆண் இரண்டு, பெண் இரண்டு என்று கவரில் போட்டு ரப்பர் பேண்ட் கட்டிக் கொடுத்துவிடுகிறார். பிளாட்டியில் வரும் தொல்லை பாதிக்கு மேல் இந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது. ஏஞ்சல் மீன் போல ஜோடி சேர்ந்து இருக்கிற மீன் இல்லை இது. ஆண் விழித்திருக்கும் நேரமெல்லாம் பெண்ணைத் துரத்தும். பெண் ஒன்றுதான் என்றால் அத்தனை துரத்தலையும் அது ஒன்றே தாங்க வேண்டும். அதனால் ஓர் ஆணுக்குக் குறைந்தது மூன்று பெண் என்று கேட்டு வாங்குங்கள்.

பார்த்துப் பிரிப்பது எளிது. வயிற்றுக்குக் கீழே, ஆசனவாயை ஒட்டி இருக்கும் துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது முக்கோணமாக விரிந்திருக்கும். ஆணுக்கு ஒடுங்கி, பின்னோக்கி நீண்ட குச்சியாக இருக்கும். இணையும்போது ஆண் அந்தக் குச்சியை முன்பக்கம் திருப்பிப் பெண்ணுக்குள் விந்தைச் செலுத்தும். நிறத்தையோ பருமனையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். நன்றாகத் தின்ற ஆணும் குண்டாகத்தான் தெரியும்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர் பிடிக்கும். மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர்தான் உண்மையான தண்ணீர். அதில் 1 ஆண், 4 பெண் போதும். மோசமான எண் இரண்டு ஆண் என்பதுதான். பெரியது சின்னதை மூலையில் அடக்கி வைத்துவிடும். அது தீனிக்கே வெளியே வராது. மூன்று நான்கு ஆண்கள் இருந்தால் கோபம் பிரிந்துவிடும், ஆனால் அதற்கேற்ற பெண்களும் பெரிய தொட்டியும் வேண்டும். குஞ்சே வேண்டாம், நிறம் பார்த்தால் போதும் என்பவர்கள் ஐந்தாறு ஆண்களை மட்டும் விடலாம். துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் ஒன்றுக்கொன்று காட்டிக்கொள்ளும், கொஞ்சம் விரட்டிக்கொள்ளும், பெரிய காயம் வராது.

பெண் தொல்லைப்படுகிறதா என்று தீனி போடும் நேரத்தில் தெரிந்துவிடும். ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நிற்கும், துடுப்பைச் சுருட்டிக்கொள்ளும், ஒரு கடி தின்பதற்குள் விரட்டப்பட்டு ஓடும், வால் ஓரம் கிழிந்திருக்கும். உடனே ஆணைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பெண்ணை எடுக்காதீர்கள். எடுத்தால் அதற்குக் கூடுதல் அதிர்ச்சி, ஆணோ அடுத்த பெண்ணைப் பிடித்துக்கொள்ளும். தொட்டியின் ஒரு பாதியில் ஹார்ன்வோர்ட், ஜாவா மாஸ் போன்ற நீர்ச்செடி அடர்த்தியாக இருந்தால் பார்வை மறைந்து துரத்தல் தானாகக் குறையும்.

தண்ணீர்

பிளாட்டியின் சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து குவாத்தமாலா, பெலீஸ் வரை. தாதுச் சத்து நிறைந்த கெட்டித் தண்ணீர், பி.ஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7 முதல் 8.2 வரை, வெப்பம் 22 முதல் 26 டிகிரி என்றால் அதற்குச் சுகம். சுண்ணாம்புக்கரடு பக்கம் மேக்னசைட் என்ற தாதுக்கல்லை வெட்டி எடுக்கிற சேலத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் சோப்பு நுரைக்காத அளவுக்குக் கெட்டி. மென்மையான தண்ணீர் கேட்கும் டெட்ரா மீன் வளர்ப்பவர்களுக்கு அது தலைவலி, பிளாட்டிக்கு விருந்து. இந்தத் தண்ணீருக்கு உப்பு சேர்க்கத் தேவையே இல்லை. ஆனால் போரிலிருந்து வந்த உடனே ஊற்றாதீர்கள். ஒரு நாள் வாளியில் வைத்து ஏர் பம்ப் ஓட விடுங்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் என்றால் அதில் குளோரின் இருக்கும். ஆன்டி-குளோரின் சொட்டு மருந்தை பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி விட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

கெட்டித் தண்ணீரில் ஒரு ஆபத்து உண்டு. பி.ஹெச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு கழிவில் மீனைக் கொல்லும் அமோனியா கிட்டத்தட்ட பத்து மடங்காகும். ஏப்ரல், மே வெயிலில் இன்னும் கூடும். புதுத் தொட்டியில் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து சாவதற்கு இதுதான் வழக்கமான காரணம். ஸ்பாஞ்ச் ஃபில்டரை முன்பே ஓடுகிற ஒரு தொட்டியில் மூன்று வாரம் போட்டு வைத்து, அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அதில் குடியேறிய பிறகு புதுத் தொட்டிக்கு மாற்றினால் தப்பிக்கலாம். அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள்.

கோடையில் மொட்டை மாடி டேங்கில் மத்தியானத் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். தண்ணீர் மாற்றுவதைக் காலை ஆறு, ஏழு மணிக்கே முடித்துவிடுங்கள். தொட்டி 32 டிகிரியைத் தாண்டினால் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் காற்று படும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்புச் சத்து மட்டும் தங்கும். எனவே குறைந்ததை நிரப்பினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை கால் பங்கு எடுத்து மாற்றுங்கள்.

ஏற்காட்டில் கதை தலைகீழ். சுமார் 1,500 மீட்டர் உயரம், டிசம்பர் ஜனவரி இரவுகளில் நல்ல குளிர், ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மென்மையானவை. அதில் விட்ட பிளாட்டி சில வாரத்தில் ஒரே இடத்தில் நின்றபடி உடலை நெளித்து ஆடும், துடுப்பு சுருங்கும். பலர் இதை நோய் என்று மருந்து ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் தாதுக் குறைவும் குளிரும்தான் காரணம். 45 லிட்டருக்கு 200 கிராம் கடல் கிளிஞ்சலையோ பவளத் துண்டையோ கழுவி, வலைப் பையில் கட்டி, தண்ணீர் ஓடுகிற இடத்தில் போடுங்கள். கணவாய் ஓடும் ஆகும். சுட்ட சுண்ணாம்பு போடவே கூடாது, பி.ஹெச் ஒரே தாவாகத் தாவி எல்லாம் செத்துவிடும். 100 வாட் ஹீட்டரை 24 டிகிரியில் வையுங்கள். சேலத்தில் வாங்கிய மீனை 20 கொண்டை ஊசி வளைவு தாண்டிக் கொண்டுபோனால், கவரை 20 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் தொட்டித் தண்ணீரை அதில் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்.

சினையும் ஈத்தும்

பிளாட்டி முட்டை இடாது, குஞ்சு போடும். சினைக்காலம் 24 முதல் 30 நாள், வெப்பம் கூடினால் குறையும். ஒரு ஈத்துக்கு 20 முதல் 40 குஞ்சு, பெரிய தாய் அதற்கு மேலும் போடும். ஒருமுறை இணைந்த பெண் விந்தை உடலிலேயே சேமித்து வைத்துப் பல மாதம் அடுத்தடுத்து ஈனும். ஆணே இல்லாத தொட்டியில் குஞ்சு வந்தது என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடையிலிருந்து வரும் பெரிய பெண் எல்லாம் ஏற்கெனவே சினை என்று கொள்ளுங்கள். குறிப்பிட்ட நிறத்தில் குஞ்சு வேண்டும் என்பவர் வாங்கிய பெண்ணை நம்பவே முடியாது. சின்ன வயதிலேயே பிரித்து வளர்த்த பெண்தான் வேண்டும்.

வெளிர் மஞ்சள் மீன்களில் ஆசனவாய் அருகே சினையைக் காட்டும் கருப்புப் புள்ளி தெரியும். சிவப்பிலும் கருப்பிலும் அது தெரியாது. முன்பக்கத்திலிருந்து வயிற்றைப் பாருங்கள். நாள் நெருங்கினால் உருண்டையாக இருந்த வயிறு கீழே சதுரமாக இறங்கும். தீனியை விட்டு ஒதுங்கும், அடியிலோ மூலையிலோ நிற்கும், செவுள் வேகமாக அடிக்கும்.

இந்த நேரத்தில் பிரீடிங் பாக்ஸில் (ஈனுவதற்காகத் தாயை அடைக்கும் சின்னப் பெட்டி) ஒரு வாரம் முன்பே தாயை அடைத்து வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அந்த நெருக்கடியில் தாய் அரைகுறையாக ஈனும். வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டிய குஞ்சுகள் அடியில் கிடக்கும், பெரும்பாலும் பிழைக்காது. 20 லிட்டர் தனித் தொட்டியில் மாஸை நிறையப் போட்டு, அதே தண்ணீரை ஊற்றி, இரண்டு நாளுக்கு முன் தாயை விடுவது நல்லது. குஞ்சு ஒவ்வொன்றாக, சுருண்டபடி விழுந்து, நொடியில் நிமிர்ந்து செடிக்குள் ஓடும். சுமார் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். ஈனி முடிய சில மணி நேரம் ஆகலாம். முடிந்ததும் தாயை எடுத்து, ஆணிடம் உடனே சேர்க்காமல் இரண்டு நாள் தனியாகத் தீனி கொடுங்கள். பசித்த தாய் தன் குஞ்சையே தின்னும் என்பதால் ஈனுகிற நாளில் கொஞ்சம் தீனி போட்டே வையுங்கள்.

குஞ்சுகளுக்கு

நாளுக்கு மூன்று நான்கு முறை, ஐந்து நிமிடத்தில் தீரும் அளவு தீனி. அவித்த முட்டை மஞ்சள் கரு மலிவுதான், ஆனால் மிச்சம் சில மணி நேரத்திலேயே தண்ணீரைக் கெடுத்துவிடும். முடிந்தால் ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை) முட்டையைப் பொரிக்க வையுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் அயோடின் இல்லாத கல்லுப்பு, கால் டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து பலமாகக் காற்று, மேலே ஒரு பல்பு. சேலத்து வெப்பத்தில் 24 மணி நேரத்தில் பொரியும், மலையில் 36-க்கு மேல் ஆகும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சு அடியில் சேரும். அடியிலிருந்து சின்னக் குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு சேர்ந்து போனால் மீன் குஞ்சுக்கு வயிறு அடைக்கும்.

வாரம் இரண்டு முறை 20 சதவீதம் தண்ணீர் மாற்றினால் வளர்ச்சி நன்றாகத் தெரியும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆணின் துடுப்பு குச்சியாகத் தொடங்கும், அப்போதே பிரித்துவிடுங்கள். எல்லா ஆணும் ஒரே நேரத்தில் வெளிப்படாது. பெரிய ஆண் இருக்கும் கூட்டத்தில் சின்னதுகள் பருவம் அடைவதைத் தள்ளிப்போடும் என்று பிளாட்டியின் நெருங்கிய இனமான வேரியாட்டஸ் பிளாட்டியில் 1973-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே 'பெண்' என்று ஒதுக்கிய தொட்டியை வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், ஒன்றிரண்டு ஆண் முளைத்திருக்கும். பெண்களை நான்கு மாதம் ஆன பின் இனப்பெருக்கத்துக்கு விடுங்கள். முதுகு வளைந்தவற்றை விடவே வேண்டாம்.

பிளாட்டியின் நெருங்கிய இனமான, வாள் போல வால் நீண்ட ஸ்வோர்ட்டெயில் மீனுடன் ஒரே தொட்டியில் வைத்தால் இரண்டும் கலக்கும். கரும்புள்ளி உள்ள சில பிளாட்டி வகைகள் அதனுடன் கலந்தால் சில வாரிசுகளின் கரும்பகுதி கட்டியாகிப் புற்றாக மாறும். 1920-களில் இருந்தே ஆராயப்பட்ட விஷயம் இது. மரபியலாளர் மைரன் கோர்டன் இதில் முன்னோடி. மரபியல் பார்க்கிறவர்களுக்குச் சுவையான செய்தி, உங்கள் தொட்டியில் மட்டும் வேண்டாம்.

எண்ணிக்கையை முன்பே யோசியுங்கள். நான்கு பெண், ஆளுக்கு மாதம் 25 குஞ்சு என்றால் மாதம் 100. கடைக்காரரிடம் முன்னரே பேசி வையுங்கள்; மூன்று மாதக் குஞ்சை, ஒரே நிறமாக இருந்தால், வாங்கிக்கொண்டு பதிலுக்குத் தீனி தருவார்கள். அதற்கும் வழியில்லை என்றால் ஈத்து நடக்கும் தொட்டியில் செடியைக் குறைத்துவிடுங்கள், பெரிய மீன்களே எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளும். மிஞ்சிய மீனைச் சேலம் மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ கொட்டாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் பிளாட்டி இப்படித்தான் தொட்டி விட்டு நீர்நிலைகளில் குடியேறியிருக்கிறது.