ஹோம்ஸ்கூல் போர்ட்ஃபோலியோவை மதிப்பிடுவது எப்படி? பென்சில்வேனியா ஆசிரியர்களுக்கு

மே மாதம் பிறந்தால் போதும், பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்கூல் செய்யும், அதாவது பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர், அந்த வருடப் படிப்பைப் பார்த்துச் சான்றுக் கடிதம் தரும் என்னைப் போன்ற மதிப்பீட்டாளரைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஜூன் 30-க்குள் எங்கள் கடிதம் மாவட்டப் பள்ளி சூப்பரிண்டெண்டெண்ட் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தமிழ் ஆசிரியர்களுக்காக, நான் பார்க்கும் முறையை எழுதுகிறேன்.

மாநில ஆசிரியர் சான்றிதழும் அந்த நிலை (தொடக்கநிலை அல்லது உயர்நிலை) மாணவர்களுக்கு மதிப்பெண் இட்ட 2 வருட அனுபவமும் இருந்தால் நீங்கள் மதிப்பிடலாம். உங்கள் வீட்டுப் பிள்ளையை நீங்களே மதிப்பிடக் கூடாது.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கட்டாயப் பாடங்கள் நடந்திருக்க வேண்டும். 180 நாள் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தொடக்கநிலைக்கு 900 மணி நேரம், உயர்நிலைக்கு 990 மணி நேரம். மொத்தப் படிப்பில் பிள்ளை தொடர்ந்து முன்னேறியிருக்க வேண்டும். ‘மொத்தப் படிப்பில்’ என்பதைக் கவனியுங்கள். எழுத்துப்பிழை நிறைய வருகிறது என்பதற்காக ஒரு பிள்ளையை நிறுத்திவைக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் நமக்கு வேலை இல்லை.

போர்ட்ஃபோலியோ, அதாவது பிள்ளையின் வருட வேலைகளைக் கோத்த பைண்டர், கைக்கு வந்ததும் நான் முதலில் எடுப்பது பதிவேட்டை. அன்றன்றைக்கு எழுதியதாக இருக்க வேண்டும், வாசித்த புத்தகங்களின் பெயர் இருக்க வேண்டும். ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போலத் தெரிந்தால் மெதுவாகக் கேட்டுவிடுங்கள். 3, 5, 8-ஆம் வகுப்பு என்றால் தரப்படுத்தப்பட்ட தேர்வின் முடிவும் உள்ளே இருக்க வேண்டும்; அந்தத் தேர்வைப் பெற்றோர் நடத்தியிருக்கக் கூடாது.

அப்புறம் மாதிரித் தாள்கள். அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள். ஒவ்வொரு முக்கியப் பாடத்துக்கும் வருடத் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று தாள்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நம் பெற்றோரிடம் ஒரு பழக்கம் உண்டு. அடித்துத் திருத்திய தாளையெல்லாம் எடுத்துவிட்டு, அழகாகத் திரும்ப எழுதியதை மட்டும் கோத்துத் தருவார்கள். எனக்கு அடித்தல் திருத்தல் உள்ள தாள்தான் வேண்டும். முதல் தடவை போனில் பேசும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். 403-இல் 187 போனால் எவ்வளவு? செப்டம்பர் தாளில் விடை 384. அந்தப் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கவே இல்லை. ஜனவரித் தாளில் 4 அடிக்கப்பட்டு 3 ஆகியிருக்கிறது, பூஜ்யத்தின் மேல் மட்டும் குழப்பம். ஏப்ரலில் விடை 216, ஓரத்தில் சின்னதாக 216-ஐயும் 187-ஐயும் கூட்டிச் சரிபார்த்த அடையாளம். எந்த மதிப்பெண்ணும் இதைக் காட்டிவிடாது. வருடம் முழுக்க நூற்றுக்கு நூறு வாங்கிய பயிற்சித் தாள்களை விட இந்த மூன்று தாளை நம்பித்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

தமிழ்ப் பள்ளி நோட்டு, பாட்டு வகுப்பு, வேலி ஃபோர்ஜ் வரலாற்றுப் பூங்காவுக்குப் போய் வந்த படம் எல்லாம் வரட்டும். ஆனால் கட்டாயப் பட்டியலை ஒருமுறை சரிபாருங்கள். தொடக்கநிலையில் அடிக்கடி விடுபடுவது தீ விபத்துப் பாதுகாப்பு. சட்டத்தில் பெயர் சொல்லியே இருக்கிறது. பென்சில்வேனியா வரலாறும் இருக்க வேண்டும்.

அடுத்தது பிள்ளையோடு பேசுவது. இதுவும் சட்டப்படி கட்டாயம். பைண்டரைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, “உனக்குப் பிடிச்ச பக்கத்தைக் காட்டு கண்ணா” என்று ஆரம்பியுங்கள். எது கஷ்டமாக இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். “வீட்டில் புகை அலாரம் அடித்தால் எல்லாரும் வெளியே எங்கே போய் நிற்பீர்கள்?” என்றும் கேட்பேன். அம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதிலை எடுத்துக் கொடுப்பார்கள். “அக்கா, அவனே சொல்லட்டும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். பிள்ளை வாயே திறக்கவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள், அதிலிருந்து பேச்சு தானாக வரும்.

ஏதாவது குறைந்தால் அதே நாளில் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லி, எது வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இதற்காகத்தான் முதல் சந்திப்பை மே மாதத்திலேயே வைக்கச் சொல்கிறேன். சரிசெய்ய வாரக்கணக்கில் நேரம் இருக்கும். முன்னேற்றம் உண்மையிலேயே தெரியவில்லை என்றால், எவ்வளவு நெருங்கிய குடும்பமானாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று சொல்ல அந்த இடத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு, கல்வியாண்டு. போர்ட்ஃபோலியோவைப் பார்த்தேன், பிள்ளையோடு பேசினேன். தேவையான நாட்களும் பாடங்களும் நடந்திருக்கின்றன, முன்னேற்றம் இருக்கிறது, தகுந்த கல்வி கிடைக்கிறது. மதிப்பெண், உடல்நலம், குடும்ப விஷயம் எதுவும் வேண்டாம். 2014-இல் சட்டம் மாறிய பிறகு பைண்டரை மாவட்டத்துக்கு அனுப்பத் தேவையில்லை, உங்கள் கடிதம் மட்டும் போனால் போதும். அதனால் பைண்டரை அன்றைக்கே பெற்றோரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடிதத்தின் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.