பாடத்தில் மனம் ஒட்டாத நாட்களில்

பொறியியல் படிப்பில் இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது பலருக்கும் ஒரு சலிப்பு வந்துவிடுகிறது. உடல் வகுப்பில் இருக்கும், மனம் இருக்காது. அரியர் ஒன்று விழுந்ததும் 'இது நமக்கு வராது' என்ற எண்ணம் ஊன்றிவிடும். இதைத் திட்டித் திருத்த முடியாது என்பதைப் பல ஆண்டுகள் பாடம் நடத்திக் கண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து, மதிப்பெண்ணையும் வேலையையும் ஒதுக்கிவைத்துவிட்டு, எப்படிப்பட்ட மனிதராக வாழ விரும்புகிறீர்கள் என்று பத்து நிமிடம் எழுதுங்கள். உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் முன்னின்று உருவாக்கிய சிகிச்சை முறையொன்று இலக்கையும் விழுமியத்தையும் பிரித்துப் பார்க்கிறது. கணிதத் தாளில் தேர்ச்சி பெறுவது இலக்கு. தேர்வு முடிவு வரும்வரை அதற்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். தொட்ட வேலையை அரைகுறையாக விடாதிருப்பது விழுமியம். அதை இன்று மாலை ஒரே ஒரு கணக்கிலேயே கடைப்பிடித்துவிடலாம். எழுதியது உங்கள் விருப்பமா, வீட்டாரின் விருப்பமா என்ற ஐயம் எழுந்தால், யாருக்குமே தெரியாமல் போனாலும் அதைச் செய்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். தேறிய ஒரு வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அடுத்தது கவனம். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-சின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியின் அடிப்படை, இந்தக் கணத்தில் நடப்பதைக் குறைகூறாமல் கவனிப்பதே. அதைப் படிப்பு மேசைக்குக் கொண்டுவருவது எளிது. கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, மூன்று மூச்சுகளை நிதானமாகக் கவனித்தபின், 20 நிமிடம் படியுங்கள். மனம் விலகியதை உணரும் ஒவ்வொரு முறையும் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, விட்ட வரிக்கே திரும்புங்கள். என் மாணவி ஒருவரின் நோட்டில், ஃபூரியர் தொடர் என்ற கணிதப் பாடப் பக்கத்தின் ஓரம் முழுக்க எறும்பு ஊர்ந்ததுபோல் புள்ளிகள் இருந்தன. அவர் கூச்சத்தோடுதான் அதைக் காட்டினார். அத்தனை முறை அவர் பாடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரிந்தது.

தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல் இருந்தால் இப்பயிற்சி மட்டும் போதாது. கல்லூரி ஆலோசகரையோ, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற இலவச எண்ணையோ தயங்காமல் நாடுங்கள்.

ஞாயிறு மாலையில் முதல் பக்கத்து வரியை ஒருமுறை படித்துவிட்டு, வரும் வாரத்தில் எந்தப் பாடத்தை அந்த வரிக்கு ஏற்றபடி படிக்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.