ஜெர்மனிக்குப் படிக்க வந்தாச்சு, இனி எதை யாரிடம் கேட்பது?

ஏபிஎஸ் என்ற சான்றிதழ் சரிபார்ப்பு, விசா, செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் பிளாக்டு அக்கவுண்ட் எல்லாம் முடித்துத்தான் விமானம் ஏறியிருப்பீர்கள், அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. இது வந்திறங்கிய பிறகான கதை.

முதல் வேலை: கேள்விகளை இரண்டாகப் பிரியுங்கள்

இறங்கியதும் எல்லோரும் பெரிய வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்துவிடுகிறோம். எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும், எந்தப் பேராசிரியர் கேள்வித்தாளைக் கடினமாக எடுப்பார், இதெல்லாம் அங்கே தாராளமாகக் கேட்கலாம். சட்டம், விசா, காசு பற்றி மட்டும் கேட்காதீர்கள். மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம் என்று 2024 மார்ச்சிலேயே மாறிவிட்டது, ஆனால் 120 தான் என்று சத்தியம் பண்ணுகிற சீனியர் எல்லாக் குழுவிலும் ஒருவராவது இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் வந்தபோது அப்படித்தான் இருந்தது. இதற்கெல்லாம் அரசு நடத்தும் 'மேக் இட் இன் ஜெர்மனி' தளம், டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளம், உங்கள் பல்கலையின் இன்டர்நேஷனல் ஆஃபீஸ், இந்த மூன்று போதும்.

இரண்டாவது: அன்மெல்டுங் (முகவரிப் பதிவு), கூடவே தபால் பெட்டி

வீட்டுக்குள் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் கொண்டுபோனால் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தருகிற வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற தாள் கட்டாயம். பெயரைப் பார்த்து மிரளாதீர்கள், ஒரு பக்கப் படிவம்தான், நகராட்சித் தளத்திலேயே கிடைக்கும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்றால் காலையில் கண் விழித்ததும் தளத்தைத் திறந்து பாருங்கள், யாராவது ரத்து செய்த இடம் அப்போது காலியாகத் தெரியும்.

இதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் மாட்டியது இதற்கு அடுத்த படியில். வரி எண், வங்கி அட்டை, அதன் பின் நம்பர், இன்சூரன்ஸ் அட்டை எல்லாமே தபாலில்தான் வரும், அதுவும் தனித்தனிக் கவரில். தபால்காரர் முகவரியோடு பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரையும் பார்ப்பார், உங்கள் பெயர் அங்கே இல்லை என்றால் கவர் திரும்பிப் போய்விடும். நம்மூர் மாதிரி பக்கத்து வீட்டில் விசாரித்துக் கொடுப்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

நமக்கு இதில் இன்னொரு சிக்கல். பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்கிற இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். கார்த்திக் என்று பெட்டியில் ஒட்டிவைத்துக் காத்திருப்பீர்கள், கடிதம் 'ஹெர் (திரு.) முருகேசன்' என்று அப்பாவைத் தேடிக்கொண்டு வரும். எனவே பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டு பெயரையும் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து, மேலே டேப் ஒட்டி, குடிபோன அன்றைக்கே பெட்டியிலும் காலிங் பெல்லிலும் ஒட்டிவிடுங்கள். நான் இருந்த வேகே, அதாவது பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் வீட்டில் பெட்டி மேல் பழைய ஆட்களின் பெயர்களே நாலு இருந்தன, அதற்கு நடுவில் ஐந்தாவதை எங்கே ஒட்டுவது என்று சண்டையே நடந்தது.

வந்த கடிதத்தைப் படிக்க டீப்எல் என்ற மொழிபெயர்ப்புச் செயலி என் தேர்வு, அலுவலக ஜெர்மனை அதுதான் ஒழுங்காகப் பிரித்துத் தருகிறது. கூகுள் லென்ஸ் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் சரி. கடிதத்தில் ஃப்ரிஸ்ட் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். கெடு தேதி அதன் பக்கத்தில்தான் இருக்கும்.

மூன்றாவது: ஏற்கெனவே காசு கட்டிய இடங்கள்

செமஸ்டர் கட்டணத்தில் ஒரு பகுதி ஆஸ்டாவுக்கும் ஷ்டூடீரெண்டென்வெர்க்குக்கும் போகிறது. ஆஸ்டா என்பது மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்பு, வாடகைத் தகராறுக்கு இலவச சட்ட ஆலோசனை பல ஊர்களில் அங்கே கிடைக்கும். மற்றது மாணவர் விடுதியும் மென்சா என்ற பல்கலை உணவகமும் நடத்துகிற நிறுவனம், அங்கே பணக் கஷ்டத்துக்கும் மன அழுத்தத்துக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நம் ஆட்கள் இந்த இரண்டு கதவையும் தட்டுவதே இல்லை.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது ஃபாக்ஷாஃப்ட், அதாவது உங்கள் துறை மாணவர்களின் அறை. பழைய சோஃபா, காபி மெஷின், ஓர் அலமாரி நிறையப் பழைய கேள்வித்தாள்கள். மின்னஞ்சல் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள்.

நான்காவது: மனுஷங்க

ஹோக்ஷூல்ஷ்போர்ட் என்ற பல்கலை விளையாட்டு வகுப்புகளில் சேருங்கள், கட்டணம் மிகக் குறைவு. பதிவு திறந்த உடனே இடம் நிரம்பிவிடும் என்பதால் நேரத்தைக் குறித்துவையுங்கள்.

தமிழ்ப் பேச்சு வேண்டுமென்றால் ஈழத் தமிழர் கடைகளைத் தேடுங்கள். எண்பதுகளில் அகதிகளாக வந்தவர்கள் பலர், இந்த ஊரின் நெளிவுசுளிவு அத்தனையும் தெரியும். கறிவேப்பிலை எடுத்துக்கொண்டு கல்லாவில் நின்றால் "தம்பி எங்க படிக்கிறீங்கள்?" என்று அவர்களே ஆரம்பிப்பார்கள், வாடகைக்கு அறை எங்கே காலி என்பதுவரை பேச்சு போகும். டோர்ட்முண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் ரயில் தூரம்தான். கோபுரத்தோடு 2002-இல் குடமுழுக்கு ஆன கோயில், கோடையில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து கூட்டம் வரும்.

பிறகு சேர்த்தது: முகவரி பதிய வேண்டிய அந்த வீட்டுக்காரர் தாளை அவர் தர மறுக்கிறார், என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். தருவது அவருடைய சட்டக் கடமை, தராவிட்டால் 1,000 யூரோ வரை அபராதம். நகராட்சி அலுவலகத்திலேயே போய்ச் சொல்லுங்கள், அவர்களே அவருக்கு எழுதுவார்கள். "200 யூரோ கொடு, என் முகவரியில் பதிந்துகொள்" என்று குழுக்களில் வருகிற ஆட்களைத் தொடவே வேண்டாம். குடியிருக்காத முகவரியை அப்படிக் கொடுப்பவருக்கு அபராதம் 50,000 யூரோ வரை போகும், பொய்யாகப் பதிகிற உங்களையும் விடமாட்டார்கள்.

இன்னொன்று, வரி எண் கடிதம் தொலைந்துவிட்டால் மத்திய வரி அலுவலகத் தளத்தில் மறுபடி கேட்கலாம். ஆனால் அதையும் தபாலில்தான் அனுப்புவார்கள், அதனால் பெட்டியில் பெயரை ஒட்டிவிட்டுக் கேளுங்கள்.