‘நல்லா இருக்கேம்மா’ என்றதும் போனை வைத்துவிடாதீர்கள்

போன மாதம் எங்கள் கிளினிக்கில் இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வயதானவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பதுதான் வேலை. ஒருத்தி, “மாத்திரை எல்லாம் சரியாகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டாள். அந்தப் பக்கம் “யெஸ்”. கட்டத்தில் ஒரு டிக். ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே அமெரிக்காவில் இந்த விசாரிப்புக்கு மெடிகேர், அதாவது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு, பணம் தருகிறது. 2012 அக்டோபரிலிருந்து, 30 நாளுக்குள் நோயாளிகள் அதிகமாகத் திரும்பி வரும் ஆஸ்பத்திரிகளுக்குப் பணத்தைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். இன்று மெடிகேர் தரும் பணத்தில் 3 சதவீதம் வரை போகும். 2013 ஜனவரியில் டாக்டர்களுக்கு 99495, 99496 என்று இரண்டு பில்லிங் கோடுகள் வந்தன. அங்கே அபராதம், இங்கே கூலி. டிஸ்சார்ஜ் ஆன இரண்டு வேலை நாளுக்குள் பேச வேண்டும். ஓரளவு சிக்கலான கேஸ் என்றால் 14 நாளுக்குள் டாக்டர் பார்க்க வேண்டும், ரொம்பச் சிக்கல் என்றால் 7 நாளுக்குள். டாக்டர் பார்க்கும் நாளுக்குள் மருந்துகளை ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும்.

தேதியை மாற்றி எழுதுவது, கையெழுத்தை விட்டுவிடுவது போன்றவற்றை நான் சொல்லப் போவதில்லை. ஒருமுறை பில் திரும்பி வந்தால் தானே புத்தி வரும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் மற்ற இடங்கள் இவை.

இரண்டு நாள் ஒரு கணக்கு, ஏழு நாள் வேறு கணக்கு

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் என்றால் செவ்வாய் வரை பேச நேரமுண்டு. சனி, ஞாயிறு சேராது. ஆனால் டாக்டரைப் பார்க்கும் 7 நாளில் சனியும் ஞாயிறும் சேரும். இரண்டையும் ஒரே மாதிரி எண்ணி அப்பாயின்ட்மென்ட் கொடுத்துவிட்டு, எட்டாம் நாள் விழிப்பவர்கள் நிறைய.

எமர்ஜென்சியில் மட்டும் காட்டிவிட்டு, அட்மிட் ஆகாமல் திரும்பியவர்

இந்தக் கணக்கில் வரமாட்டார். அட்மிட் செய்யாவிட்டாலும், அப்சர்வேஷன் என்று கவனிப்பில் வைத்திருந்தால் வருவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ரீஹாபுக்கு (உடம்பு தேறத் தங்கிப் பயிற்சி எடுக்கும் இடம்) போனவர்

அங்கிருந்து வீட்டுக்குக் கிளம்பும் நாள்தான் முதல் நாள்.

மாத்திரையை விட்டுவிட்டுப் பட்டியலைப் பார்ப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேலேயே.

மதுரைப் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மகனோடு இங்கே இருந்தார். ஐந்து வருஷம் குடியிருந்த பிறகு, மாதாமாதம் பிரீமியம் கட்டி மெடிகேர் வாங்கியவர். இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமையே கூப்பிட்டேன்.

“சார், மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கிறீங்களா?”

“நேரம் தவறாம சாப்பிடுறேம்மா. நீங்க எல்லாம் இருக்கும்போது எனக்கென்ன குறை.”

தமிழில் பேசிவிட்ட சந்தோஷத்தில் போனை வைத்துவிட்டேன். ஆறாம் நாள் டாக்டரிடம் வந்தார். ஆஸ்பத்திரி கொடுத்த பட்டியலையும் எங்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அச்சுப் பிசகாமல் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி? இரண்டுமே காகிதம்தானே.

ஒன்பதாம் நாள் பாத்ரூமில் தலைசுற்றி விழுந்து மறுபடி ஆஸ்பத்திரி. மருமகள் அவருடைய மாத்திரைகளை எல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு எடுத்து வந்தாள். ஆரஞ்சு பாட்டிலில் டோர்செமைடு, நீர் பிரிய வைக்கும் மாத்திரை. அதன் அடியிலே ஊருக்குப் போனபோது வாங்கி வந்த டைட்டார், பாதி காலியான அட்டை. இரண்டும் ஒரே மருந்து. அவரைப் பொறுத்தவரை ஒன்று ஆஸ்பத்திரி மாத்திரை, இன்னொன்று மதுரை டாக்டர் ‘நிறுத்தவே கூடாது’ என்று சொன்ன மாத்திரை. இரண்டையும் நேரம் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். உடம்பில் தண்ணீர் வற்றி, பிரஷர் இறங்கிவிட்டது.

இதில் ஒரு கூத்து: டிஸ்சார்ஜிலிருந்து 30 நாள் கவனிப்புக்கு நாங்கள் போட்ட பில்லில் எந்தத் தப்பும் இல்லை. நோயாளி திரும்ப அட்மிட் ஆனாலும், செய்ய வேண்டியதைச் செய்திருந்தால் ஒருமுறை பணம் வரும். வந்தது. போன் செய்த தேதி, டாக்டர் பார்த்த தேதி, பட்டியல் ஒப்பிட்ட தேதி, எல்லாம் பக்கா. மனுஷன்தான் வீட்டில் இல்லை.

இப்போது நான் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று பதில் வரும் கேள்வியே கேட்பதில்லை. “வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் மேஜைக்குக் கொண்டுவாருங்கள், நான் காத்திருக்கிறேன்” என்பேன். பிறகு ஒவ்வொன்றாக, மேலே எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டியாவது படிக்கச் சொல்வேன். இன்று காலை எத்தனை மணிக்கு எதைப் போட்டீர்கள் என்று கேட்பேன். ஊரிலிருந்து வந்த மருந்து, மனைவியின் டப்பாவிலிருந்து எடுத்தது, கஷாயம், சூரணம், எல்லாம் கணக்கில் வரும். கண் சரியாகத் தெரியாதவர் என்றால் மகளோ மருமகளோ வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுவேன். இருபத்தைந்து நிமிடம் ஆகும். மேனேஜர் முறைப்பார். முறைக்கட்டும்.

வாய்ஸ் மெயிலில் விட்டுவிட்டுச் சும்மா இருப்பது

இரண்டு முறை முயன்றதைப் பதிவு செய்தால் விதி ஒத்துக்கொள்ளும், ஆள் கிடைக்கும் வரை முயற்சி தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பலர் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

இரண்டு டாக்டர்கள்

30 நாளுக்கு ஒருவருக்குத்தான் பணம். அவர்களும் இதற்கு பில் போடுகிறார்களா என்று இதய டாக்டர் ஆபீஸுக்கு முதலிலேயே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

20 சதவீதத்தைச் சொல்லாமல் விடுவது

வேறு காப்பீடு இல்லாதவருக்கு இந்தச் சேவையில் 20 சதவீதம் கைக்காசு. முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து மகன் சண்டைக்கு வருவார், “விசாரித்ததற்கெல்லாமா காசு?” என்று. அந்தப் போனையும் நீங்கள்தான் எடுக்க வேண்டியிருக்கும்.