பத்து பைட்டில் 8085

இருபத்தாறு வருஷம் பாலிடெக்னிக் லேபில் 8085 கிட்டோடு (சிப், ராம், கீபோர்டு எல்லாம் ஒரே பலகையில் இருக்கும் பயிற்சிக் கருவி) குப்பை கொட்டியவன் நான். மைக்ரோபிராசசர் மண்டையில் ஏறவில்லை என்று வரும் பிள்ளைகளிடம் முதலில் பிளாக் டயகிராமை மூடி வைக்கச் சொல்வேன். பத்து பைட் கையால் ஏற்று, மற்றதைப் பிறகு பேசலாம்.

1976-இல் இன்டெல் கொண்டுவந்த சிப் இது. 40 கால், ஒரே 5 வோல்ட் சப்ளை. பழசுதான், ஆனால் உள்ளே நடப்பதை விரல்விட்டு எண்ணலாம்.

எங்கள் கிட்டில் 4100 முகவரியில் நம் புரோகிராமை வைப்போம். உங்களுடையதில் ராம் எங்கே தொடங்குகிறது என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 4200-இல் 28, 4201-இல் 39 போடுங்கள். பிறகு 4100-லிருந்து வரிசையாக: 21, 00, 42, 46, 78, 23, 86, 23, 77, 76. கடைசி பைட் 4109-இல் விழ வேண்டும். ரீசெட் அடித்து, 4100-லிருந்து ஓட்டுங்கள். மறுபடி ரீசெட் அடித்து 4202-ஐத் திறங்கள். ரீசெட் அடித்தால் ராமில் இருப்பது அழியாது, பயம் வேண்டாம்.

61 நிற்கும்.

"சார், கிட் தப்பு. 67 வரணும்" என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருவன் கத்துவான். 28 என்று நாம் அடித்தது பதினாறடிமான எண் (ஹெக்ஸ்; பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணுவது, 9-க்கு அடுத்தது ஏ). நம் கணக்கில் அது 40. 39 என்பது 57. கூட்டினால் 97, பதினாறடிமானத்தில் 61. கிட் சரி, படித்த கண்தான் தப்பு.

இப்போது உள்ளே நடந்ததைப் பாருங்கள். சிப் 4100 என்ற முகவரியை வெளியே விடுகிறது, 21 உள்ளே வருகிறது. 40 காலில் இடம் பற்றாததால் முகவரியின் கீழ் எட்டு பிட்டும் டேட்டாவும் ஒரே எட்டுக் கம்பியில்தான் போய்வர வேண்டும். முதலில் முகவரி போகும்; 30ஆம் காலில் ஏஎல்இ ('இப்போது கம்பியில் இருப்பது முகவரி' என்று சொல்லும் சிக்னல்) ஒரு துடிப்பு கொடுக்கும்; பக்கத்தில் இருக்கும் லாட்ச் ஐசி அந்த முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; அப்புறம் அதே கம்பியில் டேட்டா வரும். ஆசிலாஸ்கோப் இருந்தால் அந்தக் காலில் புரோபை வையுங்கள். புரோகிராம் 76-இல் வந்து நின்றுவிட்டால் எதுவும் தெரியாது, அதனால் ரீசெட் அடித்து மானிட்டர் (கிட்டின் கீபோர்டையும் டிஸ்ப்ளேயையும் கவனிக்கும், கிட்டோடு வரும் புரோகிராம்) ஓடும்போது பாருங்கள்.

21 என்றால் 'அடுத்த இரண்டு பைட்டையும் எச்-எல் ஜோடியில் போடு'. எச், எல், பி, ஏ எல்லாம் சிப்புக்குள்ளே ஆளுக்கு ஒரு பைட் பிடிக்கும் ரிஜிஸ்டர்கள்; எச்-எல் சேர்ந்து ஒரு முகவரியைக் காட்டும். கீழ்ப் பாதி முதலில், அதனால்தான் 00, பிறகு 42. ஒரு பெண் மாற்றி அடித்துவிட்டு ஒரு மணி நேரம் கண் கலங்க உட்கார்ந்திருந்தாள். எச்-எல் 0042-ஐக் காட்டியது. எங்கள் கிட்டில் அது மானிட்டர் இருக்கும் ரோம். படிக்கலாம், எழுத முடியாது. விடையும் அங்கேயே போய்த் தொலைந்தது.

மீதியை மனப்பாடம் செய்யாதீர்கள், பிட்டாகப் பிரியுங்கள். 46 என்பது 01 000 110. முன்னால் உள்ள 01 'நகர்த்து'. நடு மூன்று சேருமிடம், கடைசி மூன்று கிளம்புமிடம். 000 பி, 111 ஏ, 110 எச்-எல் காட்டும் நினைவகம். ஆக, நினைவகத்திலிருந்து பி-க்கு. 78-ஐப் பிரித்தால் 01 111 000: பி-யிலிருந்து ஏ-க்கு. (நேராக ஏ-க்கே எடுக்கலாம், பிரித்துக் காட்டத்தான் இந்தச் சுற்றுவழி.) 77 விடையை நினைவகத்தில் எழுதுகிறது. 23 எச்-எல்லை ஒன்று கூட்டும், 86 எச்-எல் காட்டும் நினைவகத்தில் இருப்பதை ஏ-யோடு கூட்டும்.

76-ஐயும் பிரியுங்கள்: 01 110 110. நினைவகத்தை அதே நினைவகத்துக்கு நகர்த்து! அர்த்தமில்லாத அந்த இடத்தைத்தான் 'நில்' கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். இதைக் கரும்பலகையில் எழுதும்போது எனக்கு இன்றும் ஒரு குஷி.

அந்தப் பையனுக்கு 67-தான் வேண்டுமென்றால் 86-க்குப் பின்னால் 27-ஐச் செருகச் சொல்லுங்கள், தசமத் திருத்தம் நடக்கும். பின்னால் உள்ளவை ஒவ்வொரு இடம் தள்ளும். 76 போக வேண்டியது 4110-இல் அல்ல, 410ஏ-யில். அங்கேதான் பாதிப் பேர் சறுக்குவார்கள்.

முடித்ததும் 27-ஐ எடுத்துவிட்டு 4200, 4201-இல் 90, 80 போட்டு ஓட்டுங்கள். பதினாறடிமானத்தில் கூட்டினால் 110, ஆனால் ஒரு பைட்டில் இரண்டு இலக்கம்தான் அடங்கும். 4202-இல் 10 மட்டும் இருக்கும். தொலைந்த அந்த ஒன்று கேரி ஃபிளாகில் (மிஞ்சியதைக் குறித்து வைக்கும் ஒரு பிட்) உட்கார்ந்திருக்கிறது. அதை 4203-இல் கொண்டுவந்து வைப்பது அடுத்த வாரத்து வேலை.