தொப்பூர் ஏறும் முன் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும்போது தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறினால் ரேடியேட்டருக்கு எதிர்காற்று கிடைக்காது. எல்லாப் பாரமும் ஃபேன் தலையில்தான்.

கிளம்புமுன் இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். ஒற்றை ஃபேன் உள்ள கார்களில் பெரும்பாலும் சில நொடிகளில் அதுவும் சுற்றும். சுற்றினால் மோட்டாரில் கோளாறு இல்லை. ஏசிக்குச் சுற்றிவிட்டு, இன்ஜின் சூடேறும்போது மட்டும் சும்மா நின்றால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள்; அது சரியென்றால் வெப்பநிலை சென்சார் அல்லது அதன் வயர்மீதுதான் சந்தேகம்.

இரண்டுக்குமே அசையவில்லையா? முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச்). அதே எண்ணுள்ள பக்கத்து ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லை. அதற்கும் மசியாவிட்டால் மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் புது மோட்டார் வாங்க வேண்டாம்.

கை ஜாக்கிரதை: சில கார்களில் இன்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் திடீரென்று ஓடும்.