நலிந்த முதியவரைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கடலூர் முதுநகரிலோ தேவனாம்பட்டினத்திலோ வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கணக்கெடுக்கிறவர்கள் முதலில் வயதைத்தான் கேட்கிறார்கள். அங்கேயே சறுக்கல் தொடங்கிவிடுகிறது. 80 வயதிலும் மீன்கூடையோடு தெருத்தெருவாகப் போகிற பாட்டி உண்டு. 62 வயதிலேயே திண்ணையை விட்டு இறங்காத தாத்தாவும் உண்டு.

நோய்களின் பட்டியலை வைத்தும் முடிவு செய்ய முடியாது. சர்க்கரையும் பிரஷரும் இருந்தும் திடமாக இருப்பவர்கள் நிறையப் பேர். உடம்பின் கையிருப்பு கரைந்து, ஒரு வயிற்றுப்போக்கு வந்தால்கூடப் பழையபடி எழுந்து நடமாட முடியாத நிலைதான் நலிவு. 2001இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரைட் குழுவினர் ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள்: தானாக எடை குறைவது, ஓயாத அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி; கவனிக்க நல்ல நேரம் அதுதான்.

"எடை குறைஞ்சுதா பாட்டி?" என்று கேட்டால் "யாருக்குப்பா தெரியும்" என்றுதான் பதில் வரும். போன பொங்கலுக்குத் தைத்த ஜாக்கெட் இப்போது தொளதொளவென்று இருக்கிறதா என்று கேளுங்கள், சட்டென்று சொல்வார். நடையைப் பார்க்கும்போது "வேகமா நடங்க" என்று உசுப்பேற்றக் கூடாது, மணலிலும் நடக்கவிடக் கூடாது. சமதரையில், வழக்கமான நடையில், கைத்தடி பிடிப்பவரென்றால் தடியோடு 4 மீட்டர். 5 விநாடிக்கு மேல் ஆனால் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கேள்வியை மருமகளிடம் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். "அத்தை நல்லாத்தான் இருக்காங்க" என்பதில் பொய் இல்லாமல் இருக்கலாம். அத்தை ஒரு மாதமாகக் கொல்லைப்புறம்வரைகூடப் போகாததை அவர் கவனித்திருக்க மாட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஆஸ்பத்திரிக்குப் போன தடவைகளை எண்ணி நலிவை அளப்பது. அடிக்கடி போகிறவர், பஸ் ஏறத் தெம்பும் கூட வர ஆளும் உள்ளவராக இருக்கலாம். நன்றாகத் தளர்ந்தவர்தான் போகவே மாட்டார். முகாமுக்கும் வரமாட்டார், ஆகவே முகாம் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் வழியாக மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்லதுதான். ஆனால் மருத்துவமனைச் சீட்டை மட்டும் பார்ப்பவர் கணக்கில் அது விழாது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் கால்வலி மாத்திரைக்கோ எந்தச் சீட்டும் கிடையாது. எனவே "கடைசியா எப்போ டாக்டரைப் பார்த்தீங்க?" என்பதோடு நிறுத்தாமல், "போகணும்னு நினைச்சும் எப்போ போகாம விட்டீங்க, ஏன்?" என்றும் கேட்க வேண்டும்.

கண்டுபிடித்தவுடன் எல்லாரையும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்புவதும் சரியில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி போய், அங்கிருந்து கோரிமேடு போய், வரிசையில் நின்று திரும்புவதற்குள் தளர்ந்த உடம்பு இன்னும் தளர்ந்துவிடும். அவசரம் இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொடங்கலாம். அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. மாத்திரை வைத்திருக்கும் மஞ்சள் பையைப் பாயில் கொட்டச் சொல்லுங்கள். அரசு கொடுத்த அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஒரு அட்டை, வேறு பெயரில் கடையில் வாங்கிய அதே அம்லோடிபின் இன்னொரு அட்டை என்று இருந்தால், காலையில் எழும்போது தலை சுற்றுகிறது என்று பாட்டி சொன்னதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.